முத்திரைக்குக் கீழே போன முடிவு

செலஸ்டீன் அக்கா காலமாகிப் பதினெட்டு நாட்களுக்குப் பிறகே அவருடைய மகளின் கடிதம் எனக்குக் கிடைத்தது. இருபது வருடம் கடிதங்களைத் தரம் பிரித்தவர் அவர். தன் மரணச் செய்தி இப்படிச் சுணங்கி வந்ததை அவர் மன்னித்திருக்கமாட்டார்.

எங்கள் தீவுத் தபால் கந்தோரில் அவரைக் கண்ட உங்களுக்கு, அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்ற அலுமாரியும் நினைவிருக்கும். தன் நாட்டுக்கே திரும்பிப்போன வெளிநாட்டுப் பங்குச் சுவாமியார் ஒருவர் விட்டுப்போன நாவல்கள் அதில் இருந்தன. எல்லாம் ஏதேதோ மொழிகளில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்கு வந்தவை. எல்லாவற்றிலும் உலகம் அழிந்துபோயிருக்கும். சுவாமியாருக்கு அப்படியொரு ருசி.

எண்பத்தாறில் வேலணையிலிருந்து ரோணியோ இயந்திரத்தில் படியெடுத்து நான் நடத்திய சஞ்சிகைக்காக அவற்றில் ஒன்றை அக்கா தமிழாக்கினார். குண்டுகள் விழுந்து ஓய்ந்த ஒரு பனிநாட்டில், நிலவறைக்குள் ஒளிந்திருப்பவர்களின் கதை. விளக்கில்லாமல் மூன்று வாரம் இருட்டில் கிடப்பார்கள். அந்த இடத்தில் அக்கா பேனையை வைத்துவிட்டார்.

“என்ன விசர்க் கதை தம்பி? ஒரு குப்பி விளக்குச் செய்யத் தெரியாதே இவங்களுக்கு?”

“எழுதினபடியே தமிழிலை போடுங்கோ அக்கா.”

“ஓம், ஓம். அழிஞ்சு பழக்கமில்லாத சனம்.”

அடுத்த அத்தியாயத்தில் அவராகவே ஒரு குப்பி விளக்கை ஏற்றிவைத்திருந்தார். நான் வெட்டினேன். மறுபடியும் ஏற்றினார்.

கதையில் ஒரு பெண், வெளியே போய்த் திரும்பாத கணவனைத் தேடிப் புறப்படுவாள். அதற்குப் பிறகு புத்தகத்தில் தாள்கள் கிழிந்துபோயிருந்தன. அக்காவின் கணவர் அருளப்புவும் முந்தின வருடம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். இறந்தவர்களுக்கான பூசையை அவருக்கும் ஒப்புக்கொடுக்கச் சொன்னவர்களிடம், “ஆளைக் காணேல்லை எண்டுதான் சொன்னவை. செத்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை” என்பார் அக்கா. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ‘இதற்கு மேல் தாள் இல்லை’ என்று அவர் எழுதி முடித்ததை நீக்கிவிட்டு, அந்தப் பெண் பனிக்குள் கணவனின் உடலைக் கண்டெடுப்பதாக ஒரு பந்தியை நானே சேர்த்தேன். இவ்வகை நாவல்கள் அப்படித்தான் முடியும் என்பது அன்றைய என் மேதாவித்தனம்.

சஞ்சிகைப் பிரதிகள், இருபுறமும் திறந்த சுற்றுத்தாளில், அவருடைய கந்தோர் வழியாகத்தான் போகவேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. அடுத்த கிழமை நாரந்தனை வாசகர் ஒருவர் மறித்துக் கேட்டார்: “கதையின்ரை முடிவிலை ஏன் ஐசே தபால் முத்திரை?”

அக்கா ஒவ்வொரு பிரதியையும் சுற்றுத்தாளிலிருந்து உருவியெடுத்து, அந்தப் பந்தியின் மேல் ஒரு எழுத்தும் தெரியாதபடி திகதி முத்திரையைக் குத்தி, திரும்பச் சுற்றி அனுப்பியிருந்தார்.

ஆத்திரத்தோடு போனேன். அவர் எழும்பவில்லை.

“ஆர் உமக்குச் சொன்னது, அவன் செத்தவன் எண்டு?”

கையிலிருந்த முத்திரையை மேசையில் வைத்தார்.

“தாள் இல்லையெண்டால் இல்லையெண்டு போடும். அதுகூட உமக்கு ஏலாதே?”

என்னைத் தம்பி என்று அழைக்க அவருக்குப் பிறகு ஒரு வருடம் பிடித்தது. வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசையில் அப்பாவின் பெயரையும் சேர்க்கலாமோ என்று மகள் கேட்டு எழுதியிருக்கிறார். இடம்பெயர்ந்தபோது நான் கொண்டுவந்த ஒரேயொரு பிரதி மேசையில் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தின் கறுப்பு வட்டங்களுக்குக் கீழே நான் எழுதிய எதையும் வாசிக்க முடியவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பக்கம்தான்.

மகளுக்குப் பதில் போட்டுவிட்டேன்: “அம்மாவின்ரை பெயர் மட்டும் போதும் பிள்ளை. அப்பா வந்தால் எனக்கும் அறிவியுங்கோ.”