தண்ணீரும் ஆண் என்று சொன்ன பெட்டி: கொழும்பிலிருந்து மருதனார்மடம் வரை

போன மாதம் மூன்று நாள் யாழ்ப்பாணம் போய் வந்தேன். கோயில், கடற்கரை பார்க்கிற பயணம் அல்ல. மதிய உணவுப் பெட்டி அளவில் நான் வடிவமைத்த ஒரு கருவியை, ஏசி இல்லாத ஓர் அறையில் வைத்து ஓட்டிப் பார்க்கப் போனேன். வெளிக்கள வேலைக்காக இப்படிக் கருவியும் கையுமாக வடக்கே போகிறவர்கள் சிலர் விபரம் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் சேந்தன் கொழும்புத்துறையில் இருக்கிறார், யாழ்ப்பாண நகரில் கணக்கு வாத்தியார். நான் கொழும்பில். கலியாணமாகி நான்கு வருடம், மாதத்தில் ஒரு சனி ஞாயிறுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. எங்கள் நிறுவனத்தின் தலைவர் ஒரு வாக்குத் தந்திருந்தார். கருவி யாழ்ப்பாண வெயிலில் மூன்று தடவை, முதல் வாசிப்பிலேயே பிழையில்லாமல் பதில் சொன்னால், என் வேலையை யாழ்ப்பாணத்தில் இருந்தே செய்யலாம். இரண்டு தடவை ஒழுங்காகச் சொல்லிவிட்டது. இது மூன்றாவது.

கருவி என்ன செய்யும் என்று சுருக்கமாக. ஓர் இலைத் துண்டில் உள்ள டிஎன்ஏயில் நமக்கு வேண்டிய சின்னஞ்சிறு பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கும். அதற்கு 95 பாகைக்குச் சூடாக்கி, 60 பாகைக்கு ஆறவைத்து, அதையே முப்பத்தைந்து தடவை திருப்பிச் செய்ய வேண்டும். ஆய்வுகூட இயந்திரம் அரை மேசையை அடைத்துக்கொண்டு இதைச் செய்யும். என்னுடையது ஒன்றேகால் கிலோ, மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடும். சூடாக்குவது பெரிய வித்தை இல்லை. ஆறவைப்பதில்தான் எனக்குத் தலை நரைத்தது. கொழும்பில் 24 பாகை அறையில் ஒழுங்காக ஆறுகிற பெட்டி, 35 பாகை அறையில் மூச்சு வாங்கும்.

நாங்கள் தேடுவது பப்பாசியின் ஆண் அடையாளத்தை. விதையில் வந்த கன்று ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. அதனால் குழிக்கு இரண்டு மூன்று கன்றாக நட்டு, மாதக்கணக்காகத் தண்ணீரும் பசளையும் போட்டு, பூத்த பிறகு ஆண் மரங்களை வெட்டி எறிகிறார்கள். இலைச்சாறும் மருந்துக் கலவையும் விட்ட சிறு குழாயில் ஆண் அடையாளம் பெருகினால் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். பெண் என்றால் இருட்டு. மூடியில் இருக்கும் சிறிய ஜன்னல் வழியாக ஒரு கமரா அதைப் பார்த்துச் சொல்லும்.

வெள்ளிக்கிழமை காலை 5.45க்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினேன். இரண்டாம் வகுப்பு முன்பதிவு, மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பெட்டி மடியில், மருந்துக் கலவை ஐஸ் போட்ட பிளாஸ்கில் காலடியில். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். அனுராதபுரம் தாண்டும்வரை தூங்கலாம். ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெளி திறந்து உப்புக் காற்று வந்ததும் நான் எழுந்து தலை சீவிக்கொள்வேன். இறங்க இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கிறது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான்கு வருடமாக அங்கேதான் சீவுகிறேன்.

12.20க்கு யாழ்ப்பாணம். அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. சேந்தன் பள்ளிக்கூடத்தில் இருப்பார் என்பதால் ஓட்டோ பிடித்தேன், கொழும்புத்துறைக்கு ஐந்நூறு ரூபாய். ஓட்டோக்காரருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"வாத்தியார் வீட்டையோ அக்கா? போன மாசமும் நான்தான் இறக்கினனான். இந்த முறை இருக்கப் போறியளோ, இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வரவோ?"

"ஞாயிறு மத்தியானம் வாங்கோ அண்ணை," என்றேன். ஊருக்கு வந்து இறங்கிய கையோடு திரும்பிப் போக வண்டி சொல்வது எனக்குப் பழகிவிட்ட காரியம்.

வீடு வழக்கம்போலத் துப்புரவாக இருந்தது. குசினியில் ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. என் கோப்பை அலுமாரிக்குள். ஒரு மனிதன் தனியாக இவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தால் அவனுக்கு இன்னொரு ஆள் தேவைதானா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவர் ஒருநாளும் என்னை வந்துவிடும்படி கேட்டதில்லை. நான் போனில் அழுதால்கூட, "உம்மடை வேலை முக்கியமெல்லோ, அதைப் பாரும்," என்பார். நல்ல மனம்தான். ஆனால் அந்த நல்ல மனம் எனக்குச் சில நாட்களில் கோபத்தை உண்டாக்கும். வரச்சொல்லி ஒரு சண்டை பிடித்தால்தான் என்ன?

சனிக்கிழமை காலை 7.15க்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். மருதனார்மடத்துக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் அளவில் வரும், எங்களுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி. மாதத்தில் ஒருநாள் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போகக் கிடைக்கிற பயணத்திலும் இது இடைஞ்சல் பண்ணுகிறதே என்று அதை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

மருதனார்மடம் சந்தியில் பிளாஸ்கைத் திறந்து பார்த்தால் ஐஸ் கரைந்து போயிருந்தது. கலவை சூடானால் எல்லாம் பாழ்.

"நீர் சந்தைக்குள்ளை போய் மீன்காரரிட்டை ஐஸ் வாங்கும். பெட்டியைத் தாரும், நான் கோயிலடியிலை நிக்கிறன்," என்றார் சேந்தன்.

மீன்காரர் காசு வாங்கவில்லை. அள்ளித் தந்துவிட்டு, "கொழும்பிலையிருந்து மீன் வாங்க வந்தனீங்களோ, ஐஸ் வாங்க வந்தனீங்களோ?" என்று சிரித்தார். பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தேன். சேந்தன் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டோடு நின்றார்.

நிர்மலா அக்காவின் நாற்றுமேடை சந்தியிலிருந்து இரண்டு கிலோமீற்றர், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில். அவர் பப்பாசிக் கன்று விற்கிறவர், நெருப்பு மாதிரி ஆள். பூத்துவிட்ட தன் மரங்களில் ஆறைத் தேர்ந்து, இலை பிடுங்கி, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு வைத்திருந்தார். எது ஆண், எது பெண் என்ற பட்டியல் அவருடைய சட்டைப்பைக்குள். பெட்டி சொல்வதும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். ஏழாவது குழாயில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஓர் ஆண் மரத்தின் இலை. எட்டாவதில் வெறும் தண்ணீர். தண்ணீர் கட்டாயம் இருட்டாக இருக்க வேண்டும். அது ஒளிர்ந்தால் மற்ற எதையும் நம்ப முடியாது.

தகரக் கூரை போட்ட அறை, 35 பாகை. 9.10க்குத் தொடங்கினேன். பெட்டி மூச்சு வாங்கினாலும் ஒவ்வொரு சுற்றையும் ஒழுங்காக முடித்தது. விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மனதுக்குள் வீடு மாற்றத் தொடங்கிவிட்டேன். கொழும்பு அறையில் உள்ள கட்டிலை விற்கலாம், புத்தகங்களை ரயிலில் போடலாம் என்றெல்லாம் ஓடியது.

10.40க்கு வாசிப்பு வந்தது. எட்டுக் குழாயும் பச்சை.

நிர்மலா அக்கா குனிந்து பார்த்தார். "ஏன் தங்கச்சி, அப்ப தண்ணியும் ஆம்பிளையோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலையில் எங்களுக்குள்ள பெரிய பயம் கலப்படம்தான். பழைய குழாய் ஒன்றிலிருந்து ஒரு துளி தெறித்திருந்தாலும் அதுவும் கோடிக்கணக்கில் பெருகி எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும். அப்படியானால் பெட்டி, கலவை எல்லாம் கழிவு. ஆறு மாதம் பின்னுக்குப் போக வேண்டும். அறைக்கு வெளியே போய் இரண்டு நிமிடம் அழுதேன். ஒளிக்கவில்லை, அக்காவும் பார்த்தார்.

திரும்பி வந்து மூடியைக் கழற்றினேன். கமராவின் ஜன்னலில் மஞ்சளாக ஏதோ உருகிப் படர்ந்திருந்தது. முகர்ந்தேன். சந்தனம்.

கோயிலில் தருகிற சந்தனத்தில் மஞ்சள் கலந்திருப்பது புதினமில்லை. மஞ்சளுக்கு நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். கமரா பார்த்தது குழாயை அல்ல, பொட்டை.

நிமிர்ந்து சேந்தனைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

ஈரத் துணியால் துடைத்து, அதே குழாய்களை மறுபடி வாசித்தேன். மூன்று இலை பச்சை, மூன்று இருட்டு. எனக்குத் தெரிந்த ஆண் பச்சை. தண்ணீர் இருட்டு. அக்கா சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். ஆறும் சரி.

"அப்ப வெண்டிட்டியள்!" என்றார் அக்கா. வென்றிருக்கலாம்தான். முதல் வாசிப்பை அழிக்க இரண்டு பொத்தான் போதும், ஒருவருக்கும் தெரியவராது, நான் அடுத்த மாதமே வந்துவிடலாம். விரல் அந்தப் பொத்தான் வரை போனது. அப்போது அக்கா கேட்டார்: "இந்தப் பெட்டி எங்களிட்டை வந்தால் சரஸ்வதி பூசைக்கு நாங்களும் ஒரு பொட்டு வைப்பம்தானே. அதுக்கென்ன செய்யிறது?"

இங்கே பொட்டு வைக்காமல் யார் புது மெசின் ஓட்டுகிறார்கள்? யாரோ ஒருவர் வைக்கிற பொட்டால் தோட்டம் முழுக்க ஆண் என்று நம்பிக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பிழை பொட்டில் இல்லை, விரல் நுழைய வழிவிட்ட என் மூடியில். முதல் வாசிப்பை அப்படியே விட்டேன்.

பின்னேரம் கொழும்புத்துறை இறங்குதுறைக்கு நடந்தோம். வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. புது மூடி செய்து, மறுபடி மூன்று தடவை ஓட்ட வேண்டும் என்று சேந்தனுக்குச் சொன்னேன்.

"அப்ப இன்னும் எவ்வளவு நாள்?"

"நாலு மாசம். கூடவும் ஆகலாம்."

இறங்குதுறை ஓரத்தில் குந்தினார். பிறகு, "நான் எல்லோ கெடுத்துப்போட்டன்," என்றார்.

"அது சரி, பொட்டை வெளியிலை வைக்கிறதுக்கு என்ன? ஏன் உள்ளுக்கை வைச்சனீங்கள்?"

"வெளியிலை வைச்சால் நீர் துடைச்சுப்போடுவீர்." குரல் உடைந்தது. "இந்த முறை நீர் வந்திட வேணும் எண்டு கும்பிட்டுத்தான் வைச்சனான். ஒவ்வொரு சனியும் அங்கை போறனான். உமக்குச் சொல்லேல்லை."

நான்கு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கோபம், சிரிப்பு, அழுகை மூன்றும் சேர்ந்து வந்தன. இருட்டும்வரை அவருடைய கையை விடவில்லை. ஞாயிறு மத்தியானம் ஓட்டோ சொன்ன நேரத்துக்கே வந்து நின்றது.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ரயில் நேரங்கள் மாறுகின்றன, முதல் நாள் விசாரியுங்கள். சனி ஞாயிறு இருக்கைகள் சீக்கிரம் நிரம்பும், இரண்டு கிழமைக்கு முன்னரே பதியுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. ஐஸ் இரண்டு பிளாஸ்கில் கொண்டு போங்கள். மத்தியானத்துக்கு முன் வேலையை முடியுங்கள், தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு மணிக்குப் பிறகு எந்தக் கருவியும் ஆறாது. வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றை ஒருநாளும் தவறவிடாதீர்கள்.

கருவியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது எங்கே தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். நான் சொல்லவில்லை, அது என் பிழை. "நான் வந்துவிடவா?" என்று அவரிடம் நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அதுவும் என் பிழைதான்.