ஆடிச் சீருக்கு ஒரு தடுப்பாட்டக்காரர்

என் மாப்பிள்ளையும் நானும் போனில் பேசிக்கொள்வதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். "நல்லாருக்கீங்களா மாமா?" "இருக்கேன் மாப்ள. சாப்ட்டீங்களா?" "ஆச்சு மாமா. நீங்க?" "ஆச்சு." அதற்குப் பிறகு மெல்போர்னில் அவர் ஒருமுறை தொண்டையைச் செருமுவார், வில்லாபுரத்தில் நான் ஒருமுறை செருமுவேன். "இந்தா, அவகிட்ட குடுக்குறேன் மாமா" என்று போனை என் மகளிடம் கொடுத்துவிடுவார். தங்கமான பிள்ளை. ஆனால் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து மூன்றாவது ஆடி வந்தும், அந்தத் தங்கத்துக்கு எது பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. அவரோடு பத்து நிமிஷம் மனம்விட்டுப் பேசிவிட வேண்டும் என்பது எனக்குள் ஏக்கமாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் அலுவலகத்தில் ஒரு செல்போன் விளையாட்டுக்கு ஆள் குறைந்தது. ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்தை வைத்து ஒரு கால்பந்து ஆடுகிறார்கள். உதைக்கலாம், கையால் குத்தலாம், ஒருவன் தோளில் ஏறிக்கூடப் பந்தைப் பிடிக்கலாம். கோலைத் தவறவிட்டுப் பக்கத்தில் அடித்தாலும் ஒரு புள்ளி தருகிற தர்மப் பிரபுக்கள் அவர்கள். அந்த நிஜ ஆட்டக்காரர்களை அலுவலகத்தார் ஆளுக்குக் கொஞ்சம் பேராகப் பங்கு பிரித்து, தத்தம் அணி என்று வைத்துக்கொள்வார்கள். மைதானத்தில் அவர்கள் பந்தைப் பிடித்தாலோ உதைத்தாலோ நமக்குப் புள்ளி. வாராவாரம் ஓர் அணிக்கு இன்னோர் அணி எதிரி; அதிகப் புள்ளி சேர்த்தவருக்கு ஜெயம். ஒருவரிடம் இருப்பவர் இன்னொருவருக்கு வேண்டுமென்றால் பேசி மாற்றிக்கொள்ளலாம். பரிசு கிடையாது, வெட்டிப் பெருமைதான். "எங்கப்பா பி.டி. வாத்தியாரு, அவரச் சேத்துக்கங்க" என்று மகள் என்னை மாட்டிவிட்டாள்.

நல்ல ஆட்களை எல்லாம் மற்றவர்கள் அள்ளிய பிறகு மிச்சம் கிடந்ததில் எனக்கு விழுந்தவர் முப்பத்துநாலு வயதுத் தடுப்பாட்டக்காரர். ஏறிய நெற்றி, தொடையில் கட்டு. "அவரு கிழவன் மாமா, வேணாம்" என்று மாப்பிள்ளை செய்தி அனுப்பினார். முப்பத்துநாலு கிழடு என்றால், ஓய்வு பெறப்போகிற நான் யார்? அந்தக் கோபத்திலேயே அவரை வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்துவைத்து அவரைக் கவனித்தேன். மனிதர் அதிகம் ஓடுவதில்லை. இளவட்டங்கள் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருக்க, இவர் ஓரமாக நிற்பார். பந்து அவர் மடியில் வந்து விழும். கபடியில் மூலையில் நின்று பிடிக்கிறவனை இப்படித்தான் தேர்ந்தெடுப்பேன். போதாததற்கு, எதிரணி கோலைத் தவறவிடும்போதெல்லாம் பின்னாலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்குகிற வேலையும் அவருடையது. அவர்கள் தப்புத் தப்பாக அடிக்க அடிக்க எனக்கு வருமானம். கவலையும் இல்லாமல் இல்லை. பிற்பாதியில் இடுப்பில் கைவைத்து நிற்பார். பயிற்சியாளர் எந்த வாரமும் "ஓய்வு எடுங்கள்" என்று சொல்லிவிடலாம். அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் தலைமை ஆசிரியரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்த வாரம் மாப்பிள்ளையே அழைத்தார். "மாமா, அந்தப் பெரியவர எனக்குத் தாரீங்களா? எங்கிட்ட இருந்த தடுப்பாட்டக்காரங்க ரெண்டு பேருக்கும் அடிபட்டுப்போச்சு. பதிலுக்கு ரெண்டு பையங்களத் தாரேன்." கிழவன் பெரியவராகிவிட்டார் பார்த்தீர்களா! யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். இதெல்லாம் என் மனைவியின் காதில் விழுந்துவிட்டது.

"ஆடி மாசம் மாப்பிள்ள வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்காரு. அதுக்குப் பதிலு வேற வாங்குவீங்களாக்கும்?"

"இது சீரு இல்ல, ஆட்டம்."

"அவரு கேட்டாரா, கேக்கலயா?"

கேட்டார். நம் பக்கத்தில் மாப்பிள்ளை கேட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சீர்த்தட்டில் வெள்ளி டம்ளரை வைத்துவிட்டு, "உங்கள் பித்தளைச் செம்பைக் கொடுங்கள்" என்று எந்த மாமனாராவது கேட்பானா? நல்ல நேரம் பார்த்து, பதிலுக்கு ஒருவரும் வேண்டாம் என்று குறித்துப் பெரியவரை அனுப்பிவைத்தேன். குங்குமம் வைக்க வசதியில்லாத ஒரே காரணத்தால்தான் என் மனைவி சும்மா இருந்தாள்.

மறுநாளே அலுவலகத்தில் கலவரம். மாமனாரும் மருமகனும் கூட்டுச் சேர்ந்து எல்லோரையும் ஏமாற்றுகிறார்கள் என்று புகார். ஆட்டத்தை நடத்துகிற அம்மாள் வீடியோவில் விசாரணை வைத்தார். நான் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்தேன். ஏன் சும்மா கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஹி இஸ் மை சன்-இன்-லா, மேடம்."

"அதுதானே பிரச்சினை" என்றார்.

மாப்பிள்ளை ஆடி மாதத்தையும் சீரையும் விளக்கிப் பார்த்தார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நியாயமான விலை பேசுங்கள், எங்கள் முன்னால் பேசுங்கள், இல்லையென்றால் மாற்றம் செல்லாது என்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சொல்லுங்க மாமா, என்ன வேணும்?"

"நீங்களாப் பாத்துச் செய்ங்க மாப்ள."

"அதான், அந்த ரெண்டு பையங்க."

அந்த இரண்டு பையன்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒருவனுக்குப் பந்து கையில் நிற்காது, இன்னொருவன் பெஞ்சை விட்டு எழுந்ததே இல்லை. பெரியவருக்கு இவர்களா? எனக்குச் சுருக்கென்றது.

"மாப்ள, அவரு நிக்கிற எடத்துக்குப் பந்து தேடி வருது. அதுக்கு இம்புட்டுத்தானா?"

"மாமா, அவருக்குத் தொடையில பிடிப்பு. அடுத்த வருசம் ஆடுவாரான்னே தெரியல."

"எனக்குந்தான் முட்டி வலிக்குது. விசில் ஊதலயா?"

"உங்க முட்டிக்கு நான் வில சொல்லலயே மாமா! சும்மா குடுத்தப்ப தானமாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப வில பேசச் சொல்லிட்டாங்க, பாக்கத்தான செய்வேன்?"

"பல்லா? அப்ப நல்லாப் பாத்துக்கங்க! நடுக்களத்துல உங்க முதல் ஆளு ஒருத்தர் இருக்காருல்ல, அவரத் தாங்க."

"அவரா? என்ன மாமா, இது அநியாயமா இருக்கு!"

"அப்பக் கேக்காதீங்க!"

"கேக்கல, போங்க!"

வீடியோ அணைந்தது. அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. சாட்சிகளை வைத்துக்கொண்டு நான் மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். "பொண்ணு அங்க தனியா இருக்கா, நெனப்பிருக்கா உங்களுக்கு?" என்று கேட்ட மனைவி, அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் துக்கமாக இருந்தது. மூன்று வருடம் காத்திருந்து ஒரே ஒரு பேச்சு கிடைத்தது, அதையும் சண்டையாக்கி முடித்துவிட்டேன்.

கெட்ட நேரம் பாருங்கள், அந்தச் சனிக்கிழமை என் அணிக்கு எதிராக வந்தது மாப்பிள்ளையின் அணி. மாற்றம் செல்லாமல் என்னிடமே திரும்பிய பெரியவர் கட்டுப் போட்ட தொடையோடு வந்து மூலையில் நின்றார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நான்கு பேருக்கு நடுவில் ஓரடி பின்னால் நகர்ந்தார்; பந்து நேராக அவர் நெஞ்சில் வந்து விழுந்தது. அந்தப் புள்ளியில் நான் ஜெயித்தேன்.

"தோத்துத் தொலச்சிருக்கக் கூடாதா?" என்று மௌன விரதத்தை முறித்தாள் மனைவி. அது என் கையில் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. போன் அடித்தது. மாப்பிள்ளை. "மன்னிப்புக் கேளுங்க" என்று சைகை காட்டினாள். தொண்டையைச் செருமி, "மாப்ள, அன்னைக்கு நான் பேசுனத மனசுல..." என்று தொடங்கினேன்.

"பாத்தீங்களா மாமா? அந்தக் கடைசிப் பந்து! அது அங்கதான் விழும்னு அந்த மனுசனுக்கு எப்படி மாமா தெரிஞ்சது?"

நல்லாருக்கீங்களா இல்லை, சாப்ட்டீங்களா இல்லை. "பந்த எங்க பாத்தாரு, உதைக்கிறவன் இடுப்பப் பாக்குறாரு மாப்ள" என்றேன். அதெல்லாம் அதிர்ஷ்டம் என்று புள்ளிக்கணக்கு காட்டினார் அவர். அதிர்ஷ்டம் வாராவாரம் வருமா என்றேன் நான். அவருக்கு எதற்குக் கோபம் வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது: கணக்கைக் காட்டிய பிறகும் எதிராளி ஒத்துக்கொள்ளாவிட்டால் வரும். எனக்கும் அதற்குத்தான் வரும். தட்டில் சோறு ஆறி, மனைவி அதை எடுத்துக்கொண்டு போய், திரும்பச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, எம்புட்டு நேரம்? நானும் பேசணும், போனக் குடுக்கச் சொல்லுங்க அவர" என்று மகளின் குரல் குறுக்கே வந்தது.

"கொஞ்சம் இரு தாயி" என்றேன். "மாப்ள சொல்றது தப்பு."