குடை நிறைய மாம்பழம்

ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்கால் வானத்துக்கு வேலையில்லை. அன்று மழை மொட்டைமாடிகளிலிருந்து பெய்யும். மஞ்சளாய்ப் பெய்யும். பிச்சாண்டவர் சப்பரத்தில் அசைந்து அசைந்து முன்னால் போக, வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாய் மாம்பழத்தை அள்ளிப் பின்னால் வீசுவார்கள். வீதி முழுக்கக் கைகள் முளைத்துவிடும். துண்டை விரிப்பவர்கள், சட்டையை விரிப்பவர்கள், மண்டையில் வாங்கிக்கொண்டு சிரிப்பவர்கள். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானையை விரித்து நிற்பார்கள். அதில் விழுந்த பழத்தைத் தின்றால் மடி நிறையும் என்பது ஊரின் நம்பிக்கை.

என் தாத்தாவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. மாம்பழத்தில் வைட்டமின் இருக்கிறது, பிள்ளை இல்லை என்று வகுப்பிலேயே சொன்ன அறிவியல் வாத்தியார் அவர். நெரவியிலும் பிறகு டவுனிலும் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். பெற்றார் என்று பேருக்குத்தான். ஊர் அவரை ஓய விடவில்லை. மீன் வாங்கப் போனாலும் முடி வெட்டப் போனாலும் "பெரிய சார்" என்று எவராவது எழுந்து நிற்பார்கள். ஓடுகிற பையனைக் காலரோடு கொக்கி போட்டு இழுத்த அவரது கறுப்புக் குடைக்கே பாதி ஊர் பயந்தது. மீதி ஊர் பயந்தது ஒரு சொல்லுக்கு. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளிக்கூடம் அவருக்கு விட்டுச்சென்ற சொல்: "சிலான்ஸ்!" சத்தம் கூடாது என்று அர்த்தம். சொன்னால் மின்விசிறிகூட நின்றுவிடும் என்பார்கள்.

எனக்கு அந்தப் பயம் ஏதும் இல்லை. சாயங்காலமானால் நான் அவர் தோளில். கடற்கரை வரைக்கும், திரும்பியும். நடுவில் ஒரு தரம்கூட இறக்கிவிட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. நெடுங்காட்டில் வாழ்க்கைப்பட்ட சித்தி திருவிழாவுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. காலையில் அடுப்பங்கரையில் அம்மாவிடம் அழுதாள்.

"முந்தானைய விரிச்சு நின்னு பழம் வாங்கிட்டு வா, இல்லன்னா இங்க வராதன்னு மாமியா சொல்லி அனுப்பிச்சிருக்காங்கக்கா. ஊரு பூரா அப்பாகிட்ட படிச்சதுங்க. அதுங்க முன்னாடி பிச்சைக்காரி மாதிரி நிக்கணுமா? நா நிக்க மாட்டேன்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா அதற்குப் பிறகு பக்கத்தைப் புரட்டவே இல்லை. எனக்கு அந்தப் பேச்சில் காதில் நின்றது பழம் ஒன்றுதான்.

சப்பரம் எங்கள் வீட்டைத் தாண்டியது. மாடிகள் பொழியத் தொடங்கின. சித்தி ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்றாள். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீதியில் இறங்கினார். குடையை விரித்தார். தலைகீழாய்த் திருப்பி உயர்த்திப் பிடித்தார்.

எதிர்மாடியில் அவரிடம் படித்த ஜவுளிக்கடைக்காரர் கூடையும் கையுமாய்த் திகைத்து நின்றார்.

"என்ன சார், குடையத் திருப்பிப் புடிச்சிருக்கீங்க?"

"பழத்தப் போடுடா!"

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்டா!"

"இந்த வயசுலயா சார்?"

மாடி மாடியாய்ச் சிரிப்பு தாவியது. பக்கத்து மாடியிலிருந்து இன்னொருவர், "பழத்துல வைட்டமின்தான் இருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார்.

"அதுதான்டா கொறைச்சலா இருக்கு. போடு!"

"டேய், பெரிய சார அடிக்க இத விட்டா சான்ஸு கெடைக்காதுடா!" என்று யாரோ கத்தியதுதான் தாமதம். அடி வாங்கிய கைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வீசின. தோளில் ஒன்று. வழுக்கையில் ஒன்று. குடைக்கம்பி ஒன்று படக்கென்று மடங்கியது. தாத்தா முன்னும் பின்னும் ஓடினார், குதித்தார், ஏந்தினார். "குறி தப்புது! நீ அப்பவே இப்படித்தான்!" என்று மேலே பார்த்து வைதார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வெடித்தது. சித்தி! அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதையே நான் மறந்திருந்தேன்.

அப்போதுதான் தாத்தா தள்ளாடினார். "ஐயோ, பாரம் தாங்கல! யாராவது வந்து வாங்கிக்கங்களேன்!"

நான் கவுனை விரித்துக்கொண்டு ஓடினேன்.

"நீ இரு கண்ணு. ஒன்னால முடியாது. எம்மா, நீ ஓடியா!"

சித்தி சிரித்த முகம் மாறாமல் ஓடிவந்தாள். யோசிக்க நேரமில்லை. குடை சாய்கிறது, பழம் சிந்துகிறது. முந்தானையை விரித்து நின்றாள். நடுவீதியில், ஊரே பார்க்க.

கூட்டத்தில் ஒரு பெண்குரல் இழுத்தது. "நெடுங்காட்டுல குடுத்த பொண்ணுதானே? இன்னும் அதுக்கு..."

"சிலான்ஸ்!"

மீசை நரைத்தவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டார்கள். எறியப்போன பழம் எறியப்போன கையிலேயே நின்றது. அந்த நிசப்தத்தில் தாத்தா குடையைக் கவிழ்த்தார். சித்தியின் முந்தானையில் பழங்கள் தொம்தொம்மென்று விழுந்தன. எதிர்மாடியில் ஜவுளிக்கடைக்காரரின் மனைவி ஒரு பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி மெதுவாய் விட்டெறிந்தார். அது குவியலின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. அடடா, அப்போது எழுந்த ஆரவாரம்! சித்தி தலை நிமிர்ந்து வீட்டுக்குள் வந்தாள். ஏதோ பரிசு வாங்கிவந்தவள் மாதிரி. அவளுக்குப் பின்னால், கம்பி மடங்கிய குடையைத் தோளில் சாத்திக்கொண்டு தாத்தா.

சித்திக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது, பெண். மாம்பழம் என்றாள் சித்தி. பாண்டிச்சேரி டாக்டரம்மா கொடுத்த மாத்திரை என்றார் தாத்தா. அப்பாவும் மகளும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தி எங்கள் மாடியிலிருந்து கூடையைக் காலி செய்த வருடம், கீழே முதல் ஆளாய்க் குடையைத் திருப்பிப் பிடித்து நின்றவர் அவர்தான்.

ஆனால் தாத்தா குடையில் பழம் ஏந்திய அன்றைக்கு எனக்குக் கோபம். முழங்கை வரை சாறு வழியத் தின்றுகொண்டே கேட்டேன். "என்னத் தூக்கிட்டு பீச்சு வரைக்கும் நடக்குறீங்க. இந்த நாலு பழமா ஒங்களுக்குப் பாரம்?"

தாத்தா சித்தியைப் பார்த்தார். சித்தி தட்டைப் பார்த்தாள்.

"வயசாச்சுல்ல கண்ணு" என்றார்.

நம்பிவிட்டேன். பாவம் தாத்தா என்று மறுநாள் சாயங்காலம் அவர் எவ்வளவு குனிந்தும் தோளில் ஏறாமல் கடற்கரை வரைக்கும் நடந்தே போனேன். கால் வலித்தது, சொல்லவில்லை. அவரோ வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார், ஏனென்று எனக்குப் புரியவில்லை.