அக்காவின் ஒப்புக்குச் சப்பாணி

அடுப்புச் சாம்பலால் போட்ட கோடு அது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எடப்புளி நாட்டில் எங்கள் ஊருக்குப் பின்னால், மரவள்ளி பிடுங்கிய காட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கபடி ஆடுவோம். சுண்ணாம்புக்கு எங்கே போவது? ஆளுக்கொரு கொட்டாங்குச்சி சாம்பல் கொண்டுவந்து நடுக்கோடு போடுவோம். நான் பாடிப் போய் எதிர்ப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால், அக்கா ஓடிவந்து அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டு, "தொட்டுட்டா! கோட்டத் தொட்டுட்டா!" என்று கத்துவாள். கத்தும்போதே அவள் கால் கட்டைவிரல் சாம்பலைக் கலைத்துக்கொண்டிருக்கும். கோடு எங்கே இருந்தது என்று அப்புறம் யார் சொல்வது? நானும் மண்ணைத் தட்டிவிட்டு ஜெயித்தவளாகத் திரும்பி வருவேன். இந்த ஊரிலேயே பிடிபடாத ஒரே ஆள் நான்தான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்!

ஏழு வயதில், மிளகுக் கொடி ஏறிய மரத்திலிருந்து விழுந்தேன். இடது முழங்கை உடைந்து கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கை முழுதாக நீளாது, தோளுக்கு மேல் எழும்பாது, எதையும் இறுக்கிப் பிடிக்காது. அவ்வளவுதான் குறை. கால் இரண்டும் நன்றாக இருந்தன, வலது கை நன்றாக இருந்தது, வாய் அதைவிட நன்றாக இருந்தது. ஆனால் வீட்டில் நான் மொத்தமாகவே உடைந்தவள். என் பங்குத் தண்ணீர்க் குடம், என் விறகுக் கட்டு, என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும், "நீ வெய்யி கண்ணு, நான் எடுத்துக்கறேன்" என்று மூன்று வயது மூத்த அக்காவே தூக்கிக்கொள்வாள். ஊரே அவளை மெச்சியது. நானும் மெச்சினேன்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம், காளப்பநாயக்கன்பட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடப் பெண்கள் ஆடப் போனார்கள். பன்னிரண்டாவது படித்த அக்காதான் கேப்டன். பைகளைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். மலையிலிருந்து பஸ் வளைவு வளைவாக இறங்கியதில் ஒருத்தி வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டாள். அவளுக்குப் பதில் நான் ஆடுகிறேன் என்று குதித்து எழுந்தேன். அக்கா வேண்டாம் என்றாள். ஆள் குறைகிறதே என்று பி.டி. டீச்சர் என்னை இறக்கிவிட்டார்.

பாடிப் போனேன். மூன்று தரம் கபடி சொல்லியிருப்பேனோ என்னவோ, நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். பழக்க தோஷம், அக்கா ஓடிவந்து, "தொட்டுட்டா! கோட்டத் தொட்டுட்டா!" என்று கத்திக்கொண்டே காலால் தேய்த்தாள். அது கெட்டியான சுண்ணாம்புக் கோடு, அழியவில்லை. என் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்து உருளலாம். நடுவர் அவுட் என்றார். நான் நகரவில்லை. "இல்லீங்க சார், நான் தொட்டுட்டேங்க, எங்கக்கா பாத்துச்சுங்க" என்று நின்ற இடத்திலேயே வாதாடினேன். மைதானமே சிரித்தது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி பொறுக்கமாட்டாமல், "ஏனக்கா, அவளக் கூப்புடுங்க! ஒப்புக்குச் சப்பாணியெல்லாம் இங்க செல்லாதுன்னு சொல்லுங்க!" என்று கத்தினாள்.

ஆட்டத்துக்கு ஆகாத சின்னக் குழந்தையை, அழுமே என்று சும்மா சேர்த்துக்கொள்வார்களே, அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், கத்தலாம், விழலாம். ஆனால் அது பிடிபட்டால் அவுட் கிடையாது, தொட்டால் பாயிண்டும் கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும், அந்தக் குழந்தைக்கு மட்டும் தெரியாது. எனக்கு அப்போது பதினாலு வயது. என்னை அப்படித்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் அக்கா முன்பே சொல்லிவைத்திருந்தாள். அந்தச் சொல்லில் ஒரு முடமும் சேர்ந்து இருக்கிறதே, அதையாவது யோசித்தாளா?

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் கண்ணு" என்றாள். "வலிச்சா எனக்குத்தானே வலிக்கும்? உனக்கென்ன?" என்று கேட்டேன். வழக்கம்போல் என் மடியிலிருந்த பையை எடுக்க வந்தாள். தட்டிவிட்டேன். அக்கா கெட்டவள் இல்லை. என் ஆத்திரமே அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். நல்லவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

கல்யாணத்துக்குப் பிறகு நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா, என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒடஞ்சதுல போனது கொஞ்சந்தாம்மா. சும்மாவே வெச்சிருந்ததுல போனதுதான் அதிகம்" என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். துக்கமில்லை, வயிற்றெரிச்சல். அக்கா தூக்கிய குடமெல்லாம் என் கையிலிருந்து போனது! அன்று முதல் குடம் என் இடது இடுப்பில்தான். விழுந்தால் வலது தோளில் உருளப் பழகினேன். கை நீளாவிட்டால் கால் நீளட்டும் என்று காலால் தொடப் பழகினேன். முப்பது தாண்டியவளுக்கு எதற்கு இந்தக் கூத்து என்று மாமியார் கேட்டார். கேட்கட்டும்.

இந்தப் பொங்கலுக்குக் கல்யாணமான பெண்களுக்குக் கபடி வைத்தார்கள். கடைசி ஆட்டம் எங்கள் நாட்டுக்கும் ஆலத்தூர் நாட்டுக்கும். நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள், அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டவள். எதிர்ப் பக்கம் இடது மூலையில் நின்றாள். அவள் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான், யாரும் மீண்டதில்லை. ஆட்டம் சமமாக இருந்தபோது நான் பாடிப் போனேன். காலை நீட்டி அவளைத் தொட்டேன், கப்பென்று பிடித்தாள். நான் இடது பக்கமாகச் சாய்ந்தேன். கோணல் கை தரையில் மோதப் போவதைப் பார்த்தாள், பிடியை விட்டுவிட்டாள்.

கோட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் பெண்கள் குதிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் யாரையும் தொடலீங்க" என்றேன் நடுவரிடம். "இல்லீங்க, என்னத் தொட்டுச்சுங்க" என்றாள் அக்கா. "தொடல." "தொட்டுச்சு." எடுத்தவளே வேண்டாம் என்கிறாளே என்று நடுவர் தலையைச் சொறிந்தார், அந்தப் பாயிண்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். "இன்னொருக்கா உட்டீன்னா உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அக்காவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

கடைசியாகப் பாடியதும் நான்தான். நேரே அவள் மூலைக்கே போனேன். இந்தத் தடவை அவள் விடவில்லை. இரண்டு கணுக்காலையும் வாரினாள், இடது பக்கமே அடிபட விழுந்தேன், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். முழங்கையில் உயிர் போனது. அக்கா மேல்மூச்சு வாங்கினாளே தவிர, வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

ஒரு பாயிண்டில் தோற்றோம். எங்கள் ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "குடுத்த பாயிண்ட வேண்டாங்கறதுக்கு நீ என்ன பெரிய யோக்கிய சிகாமணியா? உன்னாலதான் தோத்தோம்!" என்று நாத்தனார் பாய்ந்தாள். "அந்த மூலைக்கு எதுக்குப் போனே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள் இன்னொருத்தி. நானும் சும்மா இருக்கவில்லை, தொண்டை கட்டும்வரை திருப்பிக் கொடுத்தேன். புத்தி இல்லை என்றார்கள், மூச்சு பத்தவில்லை என்றார்கள், திமிர் என்றார்கள். என் கையை மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை.