வடிவக்கா பேசி முடிக்கும் முன்பே

காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தபோது முருகேசன் போனில் கூப்பிட்டான். "அக்கா போயிட்டா, லெட்சுமி" என்றான். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவனுடைய இரண்டாவது வாக்கியம் வந்தது. "அந்த டேப் உங்கிட்டதானே இருக்கு? சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன்." அக்காவின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டைச் சொன்னான்.

அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது இன்னும் இறங்கவில்லை. கடைத் தொழிலாளர் சங்கத்தில் "அக்காவைப் பத்தி நல்லவிதமா நாலு வார்த்தை எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். அவளை அறிந்தவர்கள் நீங்கள். அவள் நாலு வார்த்தைக்குள் அடங்குகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நல்லவிதமாக வருமா என்பதற்கும் நான் உத்தரவாதம் தர முடியாது.

சண்முகவடிவு என்பது முழுப்பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். கணவர் இறந்தபிறகு தம்பி முருகேசன் வீட்டில் இருந்தாள். ஆரியசாலையில் எங்கள் மொத்த வியாபார மளிகைக் கடையில் நான் பில் போடுகிறவள். அவள் போன் எடுக்கிறவள். இருபது வருடத்துக்கு மேல் எங்கள் நாற்காலிகள் அடுத்தடுத்து இருந்தன. நெடுமங்காட்டிலிருந்தும் விதுரையிலிருந்தும் சில்லறைக் கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். "மல்லி இன்னைக்கு எடுக்காதீங்க அண்ணாச்சி, ஈரமா வந்திருக்கு. புதன்கிழமை கூப்பிடுங்க, நல்ல சரக்கு தாரேன்" என்று முதலாளியின் காதுபடவே சொல்வாள். முதலாளி பல்லைக் கடிப்பார். புதன்கிழமை அவர்கள் கூப்பிடுவார்கள். போனக்காடு எஸ்டேட்டில் கடை வைத்திருக்கும் ராசையா அண்ணாச்சி, சிக்னல் கிடைக்கிற மேடு வரை நடந்து வந்து கூப்பிடுவார். வேறு யாராவது எடுத்தால் "வடிவு இல்லியா? பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுவார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள்; எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தாள். பார்க்கப் போன எங்களிடம் முருகேசன் காப்பியை நீட்டிக்கொண்டே, "இப்பந்தான் வீடு வீடா இருக்கு, ஒரு சத்தமில்ல" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கட்டிலில் கழுத்தில் துண்டோடு அவள் உட்கார்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் சிலேட்டும் துண்டுக் காகிதமுமாகப் போனது. பிறகு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு டேப்லெட் வாங்கப் போனாள். வாங்குகிறவள் அவள், கடைக்காரப் பையனோ என் முகத்தைப் பார்த்தே பேசினான். "ஆன்ட்டிக்கு சீரியல் காணானோ? இதில் நல்லா காணாம். கேமும் உண்டு." சீரியல் பார்க்கத்தானே என்கிறான். அவள் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதி அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். 'இது பேசுமா?' அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் வாசித்துச் சொன்னேன். அவன் அப்போதும் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னிடமே, "அதொக்கெ உண்டு சேச்சி, பக்ஷே ஆன்ட்டிக்கு அதெல்லாம் கஷ்டமாயிருக்கும்" என்றான்.

கஷ்டமாம்! ஒரு புது ஆண்ட்ராய்டு டேப்லெட்டை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று அந்தப் பையன் வடிவக்காவிடம் வந்து பாடம் படித்திருக்க வேண்டும். முதல் வேலையாக எல்லா அறிவிப்புகளையும் நிறுத்தினாள். அவள் பேசும்போது நடுவில் எதுவும் மணியடிக்கக் கூடாதாம். எழுத்தைப் பெரிதாக்கினாள். நெட் இல்லாவிட்டாலும் பேசுவதற்காகத் தமிழ்க் குரலை உள்ளேயே இறக்கி வைத்துக்கொண்டாள். அடிக்கடி சொல்கிறவற்றை எழுதிச் சேமித்து, ஒரு தட்டலில் வரும்படி வரிசையாக அடுக்கினாள். அந்த வரிசையில் முதலாவது, 'பொறுட்டி, நான் இன்னும் முடிக்கல.' இரண்டாவது, 'தலையை ஆட்டினா சம்மதம்னு எடுத்துக்கிடாதீங்க.' ஆபரேஷனுக்குப் பிறகு அவளிடம் எல்லோரும் ஆமா இல்லையென்று தலையாட்டுகிற கேள்விகளையே கேட்டார்கள். அதனால் அவள் தலையாட்டுவதையே அடியோடு நிறுத்திவிட்டாள். சோறு போடட்டுமா என்று கேட்டால்கூட டைப் செய்துதான் பதில் வரும்.

அதிலிருந்த குரல் செய்தி வாசிக்கிற சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. வேகத்தையும் சுருதியையும் கூட்டிக் குறைக்கிற இடத்தை அவளே கண்டுபிடித்தாள். மூன்று நாள், சாப்பாட்டு இடைவேளையில் கடைக்கு வந்து, ஒரே வாக்கியத்தைப் போட்டுக் காட்டுவாள். "நெடுமங்காடா? சொல்லுங்க அண்ணாச்சி." நான் இல்லை என்பேன். இன்னும் கொஞ்சம் இறக்குவாள். இல்லை. இன்னும் கொஞ்சம். மூன்றாவது நாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "கிட்டத்தட்ட" என்றேன். அவள் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை.

வீட்டில் முருகேசன் அதில் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினான். அவள் அடுப்படியில் சொல்ல ஏதோ இருந்து டேப்பைத் தேடி வருவாள். அவன் "இந்த ஓவர் முடியட்டும்" என்பான். ஓவர் முடிவதற்காகப் பேச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாவது நாள் அவனுக்கென்று அதில் தனியாக ஒரு விருந்தினர் கணக்கு திறந்து, தன் பக்கத்தைப் பூட்டிவிட்டு, மாலை ஒரு மணி நேரம் உனக்கு என்று அறிவித்துவிட்டாள். "என் வீட்டுல நான் விருந்தாளியா?" என்று அவன் குதித்தான். அவள் நிதானமாக டைப் செய்தாள். டேப் பேசியது. "உன் வாயை நான் ஒரு மணி நேரம் கேட்டேனா?"

மருத்துவமனையில் நடந்ததும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எழுத்து தெரியாது. அவள் பள்ளிக்கூடம் போனது திருநெல்வேலிப் பக்கம், தமிழில். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் மலையாள வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் டைப் செய்தாள். தமிழ்க் குரல் அதை வாசித்தபோது கோணலும் மாணலுமாக வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா, பக்கத்து அறைக்காரியை வேறு கூப்பிட்டு, "ஒண்ணுகூடி பறயிக்கூ சேச்சி" என்றாள். இன்னொரு முறை பேச வைக்கச் சொன்னாள், வித்தைக்காரனிடம் கேட்கிற மாதிரி. வடிவக்கா டேப்பை உறையில் போட்டு மூடினாள். அன்றிலிருந்து பஸ் நிறுத்தத்தில் நின்று பஸ் பலகைகளை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள். ஐம்பத்தாறு வயதில். "இது ழவா, ஷவா?" என்று என்னிடம் கேட்டுப் பாடாய்ப் படுத்தினாள். மலையாள விசைப்பலகையையும் மலையாளக் குரலையும் டேப்பில் ஏற்றினாள். அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது அதே பெண் இருந்தாள். அக்கா தன் சீட்டை நீட்டிவிட்டு டேப்பைத் தட்டினாள். "அன்னு சிரிச்சில்லே? இன்னும் சிரிக்கூ." அன்றைக்குச் சிரித்தாயே, இன்றைக்கும் சிரி. அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

அதே கோபத்தோடுதான் கடைக்கும் திரும்பி வந்தாள். "குரலில்லாம போன் சீட்ல இருந்து என்ன செய்ய வடிவு? சாக்கு எண்ணிக்கிட்டு இரேன்" என்றார் முதலாளி. அவள் மறுநாள் காலையிலேயே தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இருக்கிற எல்லாக் கடைகளுக்கும் டேப்பிலிருந்து செய்தி அனுப்பினாள். இனி ஆர்டரை மெசேஜில் போடுங்கள். திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஆர்டர், மறுபக்கம் சரக்கு இருப்பு. போனக்காடு அண்ணாச்சி மேட்டில் ஏறி நின்றதும் அவருடைய மெசேஜ்கள் ஒன்பது பத்து ஒரே மொத்தமாக வந்து விழும். கடைசியில் எப்போதும், 'வடிவுதானே?' இவள், 'வேற யாரு? மல்லி ஈரம், எடுக்காதீங்க' என்று அனுப்புவாள். முதலாளிக்குப் பல்லைக் கடிக்கிற வேலை திரும்பக் கிடைத்தது.

இத்தனை செய்தவளுக்கு நாம் செய்யாத ஒன்று உண்டு. நாம் பொறுக்கவில்லை. அவள் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருக்கும்போதே தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பாதி வார்த்தையிலேயே முழுவதும் புரிந்ததாக நினைத்துப் பதில் சொன்னோம். இதை வாசிக்கிற உங்களில் அப்படிச் செய்யாத ஒருவர் கை தூக்குங்கள் பார்ப்போம். "சரி சரி, புரிஞ்சு போச்சு" என்பது ஆரியசாலை முழுவதும் அவளிடம் சொன்ன பேச்சு. "என் வாய்க்கு வக்கீல் வேண்டாம்" என்று ஒருமுறை என்னைப் பார்த்தே டேப்பைக் கத்த விட்டாள். சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்து. கடையே திரும்பிப் பார்த்தது.

போன மாதம் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போனோம். வாசலில் காவலாளி என் தோளில் தொங்கிய அவள் பையைக் காட்டி, பிறகு சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். மொபைல் உள்ளே கொண்டு போகக் கூடாது. முருகேசன், "நீ வீட்டுக்குக் கொண்டு போயிரு லெட்சுமி, இங்க இருந்தா காணாம போயிரும்" என்றான். நான் கொண்டு போனேன். திரையைத் துடைத்தேன். சார்ஜ் போட்டேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். எவ்வளவு பொறுப்பான ஆள் பாருங்கள் நான்.

மூன்று நாள் அவள் நினைவோடு இருந்தாள். பேனாவும் காகிதமும் கொடுத்துப் பார்த்தார்களாம். ஊசி ஏற்றி வீங்கிய விரல்களில் பேனா நிற்கவில்லை. இரண்டாம் நாள் மாலை பார்வை நேரத்தில் ஐந்து நிமிடம் என்னை உள்ளே விட்டார்கள். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டினாள். டக் டக் டக். நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. "உள்ள விட மாட்டாங்கக்கா. வார்டுக்கு மாத்தினதும் கொண்டு வாரேன்" என்றேன். அவள் கையை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்றரை நாள் கழித்து முருகேசனின் போன் வந்தது.

என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது. வலிக்கிறது என்றா, தண்ணீர் வேண்டும் என்றா, இந்தக் குழாயையெல்லாம் எடுங்கள் என்றா. தெரியாது, தெரியாது. "அமைதியாப் போயிட்டா, ஒரு கஷ்டமும் இல்ல" என்று சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் முருகேசன் சொன்னான். வாயையும் கையையும் பிடுங்கி வைத்துக்கொண்டால் யாரும் அமைதியாகத்தான் போவார்கள்.

டேப்பைச் சொன்னபடி வாங்கிப் போனான். இரண்டு நாள் கழித்து, "உள்ள கெடந்ததையெல்லாம் அழிச்சாச்சு, புதுசு மாதிரி ஓடுது கேட்டியா" என்று என்னிடமே சொன்னான். மூன்று நாள் உட்கார்ந்து அவள் இறக்கி இறக்கிச் சேர்த்த குரலும் அதோடு போனது. கடையில் முதலாளி அவள் படத்துக்கு மாலை போட்டு, எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். மௌனம்! அவளுக்கு! நான் பில் புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மரியாதை தெரியாதவள் என்று அன்றைக்கு என்னைச் சொன்னவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் மருத்துவமனையில் மிச்சக் காகிதங்களை வாங்க, மலையாளம் வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். ஐ.சி.யூ. நர்ஸ் என்னை அடையாளம் கண்டு, அந்தச் சேச்சி எதையோ சொல்லத் தவித்தாரே, முன்பு எப்படித்தான் பேசுவார் என்று கேட்டாள். டேப்பைப் பற்றிச் சொன்னேன். அவள் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். "அய்யோ சேச்சி, போன்தானே உள்ள கொண்டுவர பாடில்லாதது? இது பேசறதுக்குள்ள சாதனமல்லே? ஒரு வாக்கு கேட்டிருந்தா டாக்டர்ட்ட சொல்லி நானே கையில கொடுத்திருப்பேனே. ஆரும் கேட்டில்லல்லோ."

அந்த நர்ஸ் உட்காரும் மேஜை வாசல் பலகையிலிருந்து பத்தடி. மூன்று நாளும் நான் அதைத் தாண்டித்தான் காத்திருக்கும் இடத்துக்குப் போய் வந்தேன். அவளுடைய மொழியில் பள்ளிக்கூடம் படித்தவள் நான். கேட்டால் திட்டுவார்கள், வெளியே போகச் சொல்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டு போய் வந்தேன். குரல் இல்லாதவள் சண்டை போட்டு வாங்கியதை, குரல் இருக்கிற நான் ஒரு வார்த்தை கேட்காமல் தொலைத்தேன்.

வடிவக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்தக் கோபம்தான். முருகேசன் மீதும் முதலாளி மீதும் இருக்கிற கோபம் என்றைக்காவது ஆறிப் போகும். என் மீது இருக்கிறதை ஆற விடுவதாக இல்லை. இதை யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.