கம்ப்யூட்டரின் கண்ணுக்கு வைத்த பொட்டு

டீ போடும் சட்டியில் ரப்பர் வெந்தால் எப்படி நாறும் என்பது நகரியில் எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். பழைய கம்ப்யூட்டரின் சிடி டிரைவுக்குள், தட்டை வெளியே தள்ளவும் உள்ளே இழுக்கவும் மோதிரம் அளவில் ஒரு ரப்பர் பெல்ட் உண்டு. அது தளர்ந்துபோனால் தட்டு பாதி வழியில் மக்கர் செய்யும். நைனா டிரைவைக் கழற்றி, பெல்ட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து மறுபடி மாட்டுவார், அது இரண்டு மாதம் தாங்கும். "உனுக்கு வேற சட்டியே கெடைக்கலயா?" என்று அம்மா கத்துவாள்.

நைனா அந்த டிரைவை அப்படித் தாங்கியதற்குக் காரணம் அக்காவின் கல்யாண டிஸ்க்தான். அக்கா பலமனேருக்கு வாழப் போனபிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள். அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

நான் ஏழாவது படித்த வருஷம், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. "சும்மா மேல அப்பாத, எது வேல செய்யுதோ அதுக்கு வையி" என்று நைனா சொல்லியிருந்ததால், வீட்டுத் தறியில் ஊடை இழையோடு குறுக்கே ஓடும் நாடாவுக்கும் சைக்கிளில் பெடலுக்கும் தேடித்தேடி வைத்தேன். மேஜைமேல் டிரைவ் மூடி கழன்று கிடந்தது. பெல்ட் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. உள்ளே மிளகளவில் ஒரு கண்ணாடிக் கண். டிஸ்க்கைப் படிப்பதே அந்தக் "கண்ணு"தான் என்று நைனா ஒருநாள் காட்டியிருந்தார். பொறுப்பான பெண்ணாக அதற்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். மூக்குக்கண்ணாடி போடாமலே நைனா பெல்ட்டை மாட்டி மூடிவிட்டார். பூஜையன்று எந்த மிஷினையும் ஓட்டக்கூடாது என்பதால் போட்டுப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் அக்காவோடு அவள் நாத்தனார் வந்தாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததால் சொந்தத் தம்பியின் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போனவள். அதைப் பார்க்கவென்றே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள். அம்மா காலையிலிருந்தே தரையில் கால் பாவாமல் திரிந்தாள். டிஸ்க்கைப் போட்டதும் தட்டு ஜோராக உள்ளே போனது, ஆனால் படம் வரவில்லை. மூன்று தரம் போட்டும் வரவில்லை. அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நைனா, கண்ணுக்குப் பொட்டு வெச்சிட்டேன்" என்று அழுதேவிட்டேன்.

முதுகில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குள் நாத்தனார் குழந்தை விழித்துக்கொள்ளும்படி சிரித்துவிட்டாள். பிறகு நைனாவால் கோபப்பட முடியவில்லை. டிரைவைப் பிரித்து, பஞ்சை நனைத்துத் துடைத்து மாட்ட அரை மணி நேரம் ஆனது. படம் வந்தது. சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் அசையாமல் நின்றது. நைனா பெட்டியைத் தட்டப் போனார்.

"பர்லேது மாமா, நிக்கட்டும். நல்லா பாத்துக்கினு இருக்கலாம்" என்றாள் நாத்தனார். கிட்டே போய்த் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் அட்சதையோடு நின்றவர்களை அம்மா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டினாள். அக்கா வெட்கப்பட்டாள். எனக்கு உயிர் வந்தது.

அதன்பிறகும் ஞாயிறுதோறும் படம் அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுதான் நகரும். நைனா தட்ட எழுந்தால் அம்மா விடமாட்டாள்.

இப்போது திருப்பதியில் வேலை பார்க்கிறேன். என் கம்ப்யூட்டரில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. நகரி வீட்டுப் பெட்டியும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. போன மாதம் ஒரு கடையில் கொடுத்து அந்த டிஸ்க்கைச் செல்போனில் ஏற்றி, அம்மாவின் கையில் வைத்தேன். படம் துளியும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. தாலி ஏறியது, அட்சதை விழுந்தது, பந்தி வந்துவிட்டது.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.