மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு சொல்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் செவன் கிங்ஸ் பகுதித் தமிழ்ப் பெண்களுக்கு வந்த வருத்தமெல்லாம் இரண்டுதான்: தலையிடி, தோள்மூட்டு நோ. அதற்குக் கீழே அவர்களுக்கு உடம்பே கிடையாது. இருக்குமா பின்னே? டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் இங்கிலீஷில் சொல்பவர் புருஷனோ, புருஷனின் தமையனோ, மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் யாரோ ஓர் அண்ணையோ. அவர் முன்னால் மாதவிலக்கைப் பற்றியும் மார்பைப் பற்றியும் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

வசந்தமலருக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். இங்கே அப்டன் பார்க்கில் ஒரு புடைவைக் கடையில் நின்றாள். செவ்வாய்க்கிழமை லீவு. அந்த ஒரு நாளை ஊர்ப் பெண்களுக்கென்றே ஒதுக்கிவிட்டாள். யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்றாலும் பஸ் பிடித்துக் கூடப் போவாள். கதவடியில் நின்று, "ஆம்பிளையள் வெளியில இருங்கோ" என்று சொல்ல அவளுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். "பெரிய டொக்டர் அம்மா" என்று ஆண்கள் நக்கலடித்தார்கள். அடிக்கட்டும்.

எண்பத்தொன்பது ஐப்பசியில் தவநாயகி அவளிடம் வந்தாள். முப்பத்தாறு வயது. புருஷன் யோகராஜாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். இரண்டு பெண்பிள்ளைகள் கொழும்பில் சித்தியோடு விசாவுக்குக் காத்திருந்தார்கள். மேல் அறைக் குலசேகரம் அண்ணை டொக்டரிடம் தோள்மூட்டு நோ என்று சொல்ல, எட்டு மாதமாக அவள் நோமாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். வசந்தமலர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட முதல் கேள்விக்கே இடது மார்பைத் தொட்டுக் காட்டினாள். அன்று வசந்தமலருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பரிசோதனை முடிவு சொல்லும் நாளில் யோகராஜா ஆஸ்பத்திரி நடையில் மறித்தான். "அக்கா, கான்சர் எண்டு டொக்டர் சொன்னால் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பயத்திலேயே செத்துப்போவா. என்ர அம்மாவுக்கும் நாங்கள் சொல்லேல்லை."

நம் சனத்துக்கு இது புதிதல்ல. வருத்தத்தின் பெயரை வருத்தக்காரரின் காதில் போடமாட்டோம். அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். வசந்தமலரின் தகப்பனையும் அப்படித்தான் அனுப்பிவைத்தார்கள். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

டொக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: புற்றுநோய், மார்பை எடுக்க வேண்டும், பத்து நாளுக்குள்.

"சின்னக் கட்டி ஒண்டு, தங்கச்சி. ஒப்பரேஷன் செய்து எடுக்கவேணுமாம்" என்றாள் வசந்தமலர்.

"சின்னது எண்டால் பிறகு செய்யலாம்தானே அக்கா? தையில பிள்ளையள் வருகினம். மூண்டு வருஷத்துக்குப் பிறகு காணேக்கை நான் கட்டிலிலயே கிடக்கிறது?"

"சுவர் இருந்தால்தானே சித்திரம். இப்பவே செய்விச்சுப்போடும்."

"சின்னதுதானே" என்று தவநாயகி சிரித்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு கனக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? டொக்டருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். பேனையை வைத்துவிட்டு, "இவருக்கு முழுவதும் விளங்கியதா?" என்று கேட்டாள். விளங்கியது என்று வசந்தமலர் நல்ல இங்கிலீஷில் சொன்னாள்.

வெளியே வந்ததும் யோகராஜாவிடம், "நீர்தான் சொல்லவேணும், கெதியாச் சொல்லும்" என்றாள். ஒப்பரேஷன் நாளில் தவநாயகி போகவில்லை. வசந்தமலர் ஒவ்வொரு செவ்வாயும் போன் எடுத்தாள். அவன் ஒவ்வொரு செவ்வாயும் "இண்டைக்குச் சொல்லுறன் அக்கா" என்றான். புருஷன் பெண்சாதிக்குள் நான் எப்படி நுழைவது என்று அவளும் இருந்துவிட்டாள். அத்தனை ஆண்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியவள்!

தையில் பிள்ளைகள் வந்தார்கள். பங்குனியில் தவநாயகிக்கு முதுகு நிமிர்த்த ஏலவில்லை. நோய் முள்ளந்தண்டுக்குப் போய்விட்டது. வார்டில் கட்டிலருகே உட்கார்ந்து வசந்தமலர் அந்தப் பெயரைச் சொன்னாள்.

"அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"ஓம்."

"சொல்லியிருந்தால் அண்டைக்கே வெட்டச் சொல்லியிருப்பனே. பிள்ளையள் வருகினம் எண்டுதானே..."

ஆனியில் அவள் செத்தாள். வசந்தமலர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளை விடவில்லை. பிறகு உள்ளூராட்சிக் கவுன்சில் அவளையே மொழிபெயர்ப்பாளராக வேலைக்கு எடுத்தது. நடையில் மறிக்கும் புருஷன்மாருக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "உள்ளுக்குக் கேக்கிற எல்லாத்தையும் சொல்லுவன். விருப்பமில்லையெண்டால் வேற ஆளைப் பாருங்கோ." கல்நெஞ்சுக்காரி என்று பெயர் எடுத்தாள்.

தொண்ணூற்றைந்தில், தவநாயகியின் திவசத்துக்குப் போயிருந்தாள். மூத்தவள் நிர்மலாவுக்குப் பதினாறு வயதாகியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்ரி, அம்மாவுக்கு நீங்கள்தானே இன்டர்பிரட் பண்ணினது? டொக்டர்மார் பிந்தித்தான் கண்டுபிடிச்சவை எண்டு அப்பா சொல்லுறார். உண்மையோ?"

கதவடியில் யோகராஜா வெற்றிலைத் தட்டோடு நின்றான். பேசாமல் தலையாட்டினால் போதும். அவன் கண்கள் அதைத்தான் கெஞ்சின. வசந்தமலருக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது, தன்மேல்தான் இல்லை.

"இல்லைப் பிள்ளை" என்றாள். "டொக்டருக்கு நேரத்துக்கே தெரியும். அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவுக்குத்தான் நாங்கள் சொல்லேல்லை."